சூடேறாத கம்ப்யூட்டர்

விசிறிச் சத்தம் கேட்கவில்லை. ரேஷ்மி காய்ச்சலோடு அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டாள். மழை விட்ட வலியசாலைத் தெருவில் ஓடுகள் சொட்டும் ஒலி, பக்கத்து வீட்டுக் குக்கரின் சீறல், எங்கோ செண்டை மேளம் பழகுகிறவனின் தட்டல் எல்லாம் கேட்டன. முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மட்டும் மூச்சுவிடாமல் இருந்தது.

அவள் கணவன் தாணுமாலயனுக்கு அந்தப் பெட்டிதான் மூத்த சம்சாரம். இனிமேல்தான் கட்டப்போகும் ஃபிளாட்டுகளைத் திரையில் கட்டிக் காட்டுவது அவன் தொழில். வேலை சீக்கிரம் முடிய, தயாரித்த கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே புராசஸரை விரட்டுவான். அதற்கு வோல்டேஜை ஏற்றுவான். ஏற்ற ஏற்ற அது கொதிக்கும், விசிறி அலறும், இவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

ஆயுத பூஜைக்குப் பெட்டியின் வெளியே சந்தனப் பொட்டு வைப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் அவன் பெட்டியைத் திறந்து, புராசஸர் மேல் விசிறியோடு இருந்த, சூடு தணிக்கும் கூலரைக் கழற்றினான்.

"புராசஸர்ல வை. உன் விரலாலயே வை."

"வெளிய வச்சா போராதா?"

"உள்ளதானே சூடு."

சிரித்துக்கொண்டே வைத்தாள். அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்ததாக்கும் என்று சொல்லி மாத்திரை வாங்கித் தந்தான். நல்ல புருஷன் வாய்த்தான் என்று அவளும் உருகிப்போனாள்.

செல்சியஸ் தெர்மாமீட்டரை வாயில் வைத்தபடி முன்னறைக்கு வந்தாள். திரையில் ஒரு கட்டிடம் துண்டு துண்டாக உருவாகிக்கொண்டிருந்தது. மூலையில் புராசஸரின் சூடு, செல்சியஸில்: 39.4. இந்த வேலையின்போது அது எண்பதுக்குக் கீழே இறங்கி அவள் பார்த்ததில்லை. வாயில் தெர்மாமீட்டர் கூவியது. எடுத்துப் பார்த்தாள்.

39.4.

வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் திரையில் மேலும் கீழும் இழுக்கும் கோடு ஒன்றை அவனே ஒருநாள் காட்டித் தந்திருந்தான். மெல்லக் கீழே இழுத்தாள். பிடரியிலிருந்து முதுகு முழுக்கக் குளிர்ச்சி இறங்கியது. நம்ப மாட்டாமல் திரும்ப ஏற்றினாள். நெஞ்சுக்குள் தீ. மறுபடி இறக்கப் பார்த்தாள். வியர்வையில் மவுஸ் வழுக்கியது.

பெட்டியின் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். உள்ளே கூலர் இல்லை. விசிறி இல்லை. வெறும் உலோகத்தில் காய்ந்த சந்தனம். அதில் அவள் விரல் ரேகை.

அலமாரியைத் திறந்தாள். துடைத்து, பாலிதீனில் பொதிந்து, கூலர் பத்திரமாக இருந்தது. மறந்துபோகவில்லை. மாட்டவேயில்லை. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்தவன். தெரிந்தே செய்திருக்கிறான், படுபாவி.

சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"தொடாத, ரேஷ்மி."

தாணு வாசலில் நின்றான். கையில் ஐஸ் பாக்கெட். "நடுவுல நிறுத்தினா உனக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

அவள் கையை இழுத்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தாள். தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"இஞ்ச பாருங்க... எரியுது. கூலர மாட்டுங்க."

"ஒண்ணுமில்ல, கேட்டோ. நான் இருக்கேன்லா."

ஐஸைத் துண்டில் சுற்றி நெற்றியில் வைத்தான். கழுத்தில். உள்ளங்காலில். ஃபேனை அவள் பக்கம் திருப்பினான். அவ்வளவு பதமான கை. என்ன இருந்தாலும் அவன் மனசு இளகிவிட்டது, வேலையை விட்டுத் தன்னைத்தான் காப்பாற்றப் போகிறான் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. நன்றியோடு கண்ணைத் திறந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொன்பது. முப்பத்தெட்டரை. முப்பத்தெட்டு.

"கொள்ளாம்," என்றான் திருப்தியாக. "இனி இன்னும் கொஞ்சம் கூட்டலாம்."

ஒரு கை அவள் நெற்றியில் ஐஸை அழுத்திப் பிடித்திருக்க, மற்றக் கை மவுஸை மேலே நகர்த்தியது.