புல்லுக்கு முதல் தண்ணீர்

காலை ஐந்தரை மணிக்குப் புல்லுக்குத் தண்ணீர் வந்தது. மனிதர்களுக்கு ஆறு மணிக்குத்தான் வரும்.

விளாத்திகுளம் வறள் மண்டலத்தின் பன்னிரண்டாம் குடியிருப்பில் இதைப் பற்றி யாருக்கும் வருத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம்தானே. மனிதனின் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், அரிசி அளவுக்கு ஒரு நீர்மணி இருக்கும். புல்லின் வேரடியிலும் அதே மாதிரி ஒன்று. அன்றைய பங்கு தீர்ந்ததும் நீர்மணி சொல்லிவிடும், குழாய் வாயை மூடிக்கொள்ளும். ஒரு வீட்டுக்கு நாளைக்கு இருபது லிட்டர். அதில் எட்டு லிட்டர் வாசல் புல்லுக்கு. மிச்சத்தில் மனிதர்கள் சமைத்து, துவைத்து, குளித்து, குடித்துக்கொள்ள வேண்டியது. வாசலில் வெறும் மண் தெரிந்தால் குற்றம். புழுதி கிளம்பிச் சூரியத் தகடுகளை மூடிவிடுமாம்.

பொன்னுராசுவுக்குச் சிறுநீரகத்தில் இரண்டாவது முறையாகக் கல். தினமும் மூன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் இடது சிறுநீரகம் போய்விடும் என்று மருத்துவ இயந்திரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது. அதற்கு மருந்து எழுதித் தர அதிகாரம் உண்டு. தண்ணீர் எழுதித் தர அதிகாரம் இல்லை. அவர் ஒன்றரை லிட்டரோடு காலம் தள்ளினார். வலி வருகிற நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாசலில் புல், குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை போலத் தளதளவென்று நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க அவர் மனைவி சந்தனமாரிக்கு வயிறு எரிந்தது.

சந்தனமாரிக்குக் குடியிருப்பின் வேலியோரத்தில் சூரியத் தகடு துடைக்கிற வேலை. வேலிக்கு அப்பால் வெறும் பொட்டல். ஒரு நாள் அந்தப் பொட்டலில், சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப் பூக்களோடு ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்திருந்ததைக் கண்டாள். மழை பெய்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கூட வேலை செய்தவள் அதன் பெயர் விஷ்ணுகிராந்தி என்றாள்.

சட்டத்தில் ஒரு வரி இருந்தது. வாசலில் வளர்க்கிற பூர்வீகத் தாவரம் தண்ணீர் கேட்காததாக இருந்தால், அந்த எட்டு லிட்டரும் வீட்டுக்கே திரும்பிவிடும். சான்று மட்டும் வாங்க வேண்டும்; செடி மண்ணை மூட மூன்று மாதம் தவணை உண்டு. சான்று வரும்வரை எட்டு லிட்டர் யாருக்கும் கிடையாது. செடிக்கும் கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் ஓரவஞ்சனை இல்லாதவர்கள்.

சந்தனமாரி புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு விஷ்ணுகிராந்தி விதையைத் தூவினாள். பொட்டலின் விதை பொட்டலைப் போலவே பிடிவாதமானது. அதிகாலைப் பனி ஈரத்திலேயே முளைத்து, மெல்லப் படர்ந்தது. நடுவில் மகள் வைரக்கனிக்குப் பரிசம் போட்டார்கள். சம்பந்திகள் வந்தார்கள், அளந்து ஊற்றிய தண்ணீரைக் குடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது மாதம் வாசலில் விரல் வைக்கக்கூட வெறும் மண் இல்லை. காலையில் பார்த்தால் வாசல் முழுக்க நீலம். பொன்னுராசு அந்தப் பூக்களைப் பார்த்துக்கொண்டே, குடிக்கப் போகிற தண்ணீரைக் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டார்.

சான்று தர அதிகாரி திலகராணி வந்தாள். கூடவே சான்றன் என்ற இயந்திரம். முழங்கால் உயரம், ஆறு கால்கள், ஒற்றைக் கண். சான்றன் சொல்வதில் கையெழுத்துப் போடுவதுதான் திலகராணியின் வேலை.

"மூணு மாசமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலம்மா. எங்கயாச்சும் மண்ணு தெரியுதான்னு பாருங்க" என்றாள் சந்தனமாரி.

சான்றன் குனிந்து ஒரு இலையை முகர்ந்தது. "பூர்வீகம் அல்ல. களை" என்றது.

பொன்னுராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதா களை? வேலிக்கு அங்கிட்டுப் போய்ப் பாரு, காடு பூரா இதுதான் கெடக்கு. அப்பம் எதுதான் பூர்வீகம்?"

"கொரியன் புல்" என்றது சான்றன். "பட்டியலில் முதலிடம்."

"பேர்லயே கொரியான்னு இருக்குல்லா!"

"பெயர் கணக்கில் வராது. யாரும் நடாமல் தானாகக் கிடப்பதும் வராது."

பட்டியல் உருவான கதையைத் திலகராணிதான் சொன்னாள். சட்டம் வந்த காலத்தில் பூர்வீகச் செடிகளைத் தெரிந்த ஆட்கள் யாரும் மிஞ்சவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்துக்கொண்ட ஒன்றரைக் கோடிப் படங்கள் இருந்தன. இயந்திரங்கள் அவற்றைப் பார்த்தன. ஒரு மண்ணின் மக்கள் எதை ஆசையாக நட்டு, குடிக்கிற தண்ணீரை அதற்கு ஊற்றி, பக்கத்தில் நின்று சிரித்தார்களோ, அதுதான் அந்த மண்ணுக்குச் சொந்தம் என்று முடிவு செய்தன. கொரியன் புல்லும் குரோட்டன்ஸும் பட்டியலில் ஏறின. விஷ்ணுகிராந்தி ஏழே படங்களில்தான் இருந்தது. ஏழிலும் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சந்தனமாரி திலகராணியின் பக்கம் திரும்பினாள். "அவருக்கு ஒரு கிட்னி போயிரும்மா" என்றாள்.

திலகராணி கல்நெஞ்சக்காரி அல்ல. சான்றனைப் பார்த்து, "திருத்தத்துக்கு வழி இருக்கா?" என்று கேட்டாள்.

"உண்டு. இந்தச் செடியின் பக்கத்தில் ஒரு குடும்பம் விரும்பி நின்று எடுத்துக்கொண்ட படம். ஒன்று போதும். இன்றைக்கு எடுப்பது செல்லாது. விண்ணப்பத்துக்காக நடித்ததாகிவிடும்."

"மகளுக்குப் பரிசம் போட்டதாக் கோப்புல இருக்கே, அந்தப் படத்துல இருக்குமே!" திலகராணியின் முகம் மலர்ந்தது.

சந்தனமாரியின் முகம் செத்துப்போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் சான்றன் பொதுச் சேமிப்பில் தேடி, சுவரில் படங்களை ஒளியாகப் பாய்ச்சிவிட்டது. நாற்பத்திரண்டு படங்கள். வைரக்கனியும் மாப்பிள்ளையும், சம்பந்திகளும், பட்டுப்புடவையில் சந்தனமாரியும். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய வாசலில், அவருடைய பச்சைப் புல்லின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கே சொன்னேம்ட்டி, நம்ம வாசல்லயே நிப்போம்னு" என்றார் பொன்னுராசு, மெதுவாக.

"சம்பந்தக்காரங்க என்ன நெனப்பாங்க... வாசல்ல காட்டுச்செடி மண்டிக் கெடக்குன்னு..." என்றாள் சந்தனமாரி.

"ஒரு படத்தில் செடி இருக்கிறது" என்றது சான்றன். நாற்பத்தோராவது படத்தின் ஓரத்தில், அடுத்திருந்த அவர்கள் வாசலின் நீலம் கொஞ்சம் தெரிந்தது. அதன்மேல் பதினேழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. "பயன்பாடு: செருப்பு விடும் இடம். விண்ணப்பம் தள்ளுபடி."

அரை மணி நேரத்தில் சான்றன் செடியை வேரோடு சுருட்டி எடுத்து, புதுப் புல்லைப் பாய் மாதிரி விரித்துவிட்டது. புதுப் புல் வேர் பிடிக்க வேண்டும் அல்லவா? முதல் நாற்பது நாளைக்கு அதற்கு இரட்டைப் பங்கு. பதினாறு லிட்டர் புல்லுக்கு, நாலு லிட்டர் மனிதர்களுக்கு. பொன்னுராசு மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கோப்புக்கு ஒரு படம் வேணும்" என்றாள் திலகராணி, அவர்கள் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு பேரும் புல்லு மேல நில்லுங்க."

நின்றார்கள். சான்றனின் ஒற்றைக் கண் திறந்தது. சந்தனமாரி அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் படம் எடுக்கிறார்கள் என்றதும் கண்ணைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்து, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

பட்டியலில் கொரியன் புல்லுக்கு இன்னும் ஒரு படம் கூடியது.