வீடு உள்ள இலை

மாமகி இலைத் தேநீரின் கடைசி மிடறில், மண் கடிபட்டது போலக் கெஹாவுவின் நாக்கில் ஏதோ நெருடியது. விரலில் எடுத்துப் பார்த்தாள். கறுப்புப் பொடி. கோப்பையின் அடியில் ஊறிக் கிடந்த இலையின் தோலுக்குள் வெளுத்த கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடியது. அதன் நடுவிலும் அதே பொடிதான். புழுவின் எச்சம்.

"அண்ணி, இதை வெயில்ல பிடிச்சுப் பாத்துத்தானே பறிச்சீங்க?"

கணவனின் அக்கா மகினா அடுப்படியிலிருந்து திரும்பவேயில்லை. "இந்த ஹிலோ ஊர்ல வெயிலைக் கண்ணால பாத்து எத்தனை நாளாச்சு? வயித்துப்பிள்ளைக்காரியாச்சேன்னு மழையில நனைஞ்சு பறிச்சேன். விசாரணை வேற."

"இலைக்குள்ள புழு வீடு இருந்திருக்கு."

"வெந்த புழு என்ன பண்ணும்? சத்துதான், குடி."

இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் இங்கே யாரும் பறிப்பதில்லை. உள்ளே புழு தின்ற பாதை தெரிந்தால் அதில் வீடு இருக்கிறது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். இந்தத் தீவுகளை விட்டால் அந்தப் புழுவுக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டைப் பறித்தால் அது வேறு வீடு பார்த்துக்கொள்ளும் என்பது ஊர்ப்பேச்சு.

கெஹாவு இலை ஜாடியைத் திறந்தாள். தகரக் கூரையில் மழை விடாமல் அறைந்துகொண்டிருக்க, ஈரத்துணி புழுங்கியது போன்ற தித்திப்பு நாற்றம் மூக்கில் ஏறித் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. எல்லா இலைகளும் உள்ளே காலி. வெறும் தோல். தோலுக்குள் பொடி. புழு ஒன்றுகூட இல்லை. ஒரு மாதமாக, காலையும் மாலையும், இதைத்தான் குடித்திருக்கிறாள்.

குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். அதிலும் கறுப்புப் பொடி. பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்ற பயத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள்.

ஏழாம் மாத வயிறு. தோல் விரிந்த வெள்ளைக் கோடுகள். எல்லாருக்கும் வருவதுதான்.

ஒரு கோடு மட்டும் வளைந்து வளைந்து போனது. நடுவில் கறுப்புப் புள்ளிகள்.

"அண்ணி."

மழைச் சத்தத்தில் மகினாவுக்குக் கேட்கவில்லை.

கோட்டின் நுனி தொப்புளை நோக்கி மெல்ல நீண்டது. வலி இல்லை. அரிப்புக்கூட இல்லை.

உள்ளே பிள்ளை உதைத்தது. வலப்பக்கம் சின்னதாக ஒரு புடைப்பு எழுந்தது.

நுனி நின்றது. பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பியது.