அழையாத டைனோசர்

பிரிண்டரில் இருந்து கணித வினாத்தாள்கள் வந்துகொண்டிருந்தன. திடீரென்று ஒரு டைனோசர் வந்தது.

வாயைப் பிளந்து, வாலைத் தூக்கி, 'எனக்கு வண்ணம் தீட்டு' என்று நின்றது.

"றஷ்மி! இது நீ அனுப்பினதோ?" என்று அம்மா கத்தினார்.

"ஐயோ அம்மா, நான் ஆறாம் ஆண்டு! டைனோசருக்குக் கலர் அடிக்கிற வயசோ எனக்கு?"

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் றஷ்மியின் அம்மா நேசமலர் சின்ன அச்சுக்கடை நடத்துகிறார். அன்று பக்கத்துப் பாடசாலையின் எட்டாம் ஆண்டுத் தவணைப் பரீட்சை வேலை. அப்படிப்பட்ட நாளில் கடைக்கதவு பாதி மூடியிருக்கும். சொந்த மகள்கூட அந்தத் தாள்களை எட்டிப் பார்க்கக் கூடாது. அவ்வளவு கண்டிப்பு!

றஷ்மி டைனோசரையே பார்த்தாள்.

"அம்மா, ஆரோ எங்கட வைஃபைக்குள்ள இருக்கினம். பிரிண்டருக்கு வர ஏலுமெண்டா கம்ப்யூட்டருக்கும் வர ஏலும்தானே?"

அம்மாவின் முகம் வெளிறியது. கடையின் இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் இருந்தது. வினாத்தாள் அதற்குள்தான் இருந்தது. வைஃபை பாஸ்வேர்ட் எங்கே இருந்தது தெரியுமா? சுவரில்! வாடிக்கையாளர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அம்மாவே கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்திருந்தார். தெருவுக்கே அது மனப்பாடம்.

"வினாத்தாள் வெளியில போனா என்ர பேர் போச்சு, பிள்ளை. இனி ஆர் என்னை நம்பி வேலை தருவினம்?"

றஷ்மிக்கும் அழுகை வந்தது. அழுதபடியே ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். ஃபோல்டரை வெளியார் பார்க்க முடியாதபடி மூடினாள். சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். பிறகு ரவுட்டரை மறுபடி போட்டு, ஒருவரும் ஊகிக்க முடியாத நீளமான பாஸ்வேர்ட் ஒன்றை வைத்தாள். ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டையும் விடவில்லை, மாற்றினாள்.

"அப்ப கடைக்கு வாற சனம்?"

"அவைக்கு வேற வைஃபை போடுறன் அம்மா. இன்டர்நெட் கிடைக்கும். ஆனா எங்கட கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தெரியாது."

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். அம்மா பாய்ந்து வினாத்தாள்கள் மேல் துணியைப் போட்டார்.

மேல்மாடி ஜனா நின்றான்.

"அன்ரி, எங்கட டைனோசர் இங்க வந்ததோ? தம்பிக்காக எடுத்தனான். எங்கட வீட்டுப் பிரிண்டரும் உங்கட வைஃபையிலதான். ரெண்டு பிரிண்டர் காட்டிச்சுது, மாறி அமத்திப்போட்டன்."

ஜனா எட்டாம் ஆண்டு. அதே பாடசாலை!

"வேற என்ன பாத்தனி?" என்று அம்மா கேட்டார்.

ஜனா தலை குனிந்தான். "ஒரு ஃபோல்டர் தெரிஞ்சது. 'எட்டாம் ஆண்டு கணிதம்' எண்டு. நான் திறக்கேல்லை அன்ரி, சத்தியமா! ஆனா ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அவன் கண் கலங்கிவிட்டது.

"நான் நம்புறன்," என்றாள் றஷ்மி. "ஆனா அம்மா, வினாத்தாள் தந்த டீச்சரிட்ட நடந்ததைச் சொல்லுங்கோ. அவ வேற வினாத்தாள் தரட்டும்."

"சொன்னா இந்த வேலை போயிடும், பிள்ளை."

"சொல்லாட்டி நீங்கள் நித்திரை கொள்ளுவீங்களோ?"

அம்மா போனை எடுத்தார். சுவரில் பாஸ்வேர்ட் ஒட்டிய தன் பிழையையும் சொன்னார். பிறகு வெகுநேரம் "ஓம் டீச்சர்... ஓம் டீச்சர்..." என்று மட்டும் கேட்டது. அம்மா போனை வைத்ததும் றஷ்மி ஓடி வந்தாள்.

"என்னவாம் அம்மா?"

"ஏசினவ. நல்லா ஏசினவ." அம்மா கண்ணைத் துடைத்தார். "பிறகு, வேற வினாத்தாள் அனுப்புறன், அதையும் நீங்களே அடிச்சுத் தாங்கோ எண்டு சொன்னவ."

"அப்பாடா!" ஜனா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கென்ன இவ்வளவு சந்தோசம்?" றஷ்மி சிரித்தாள். "புது வினாத்தாள் இன்னும் கஷ்டமா இருந்தா?"

"இருக்கட்டுமே," என்றான் ஜனா. "இனி நான் நூறு எடுத்தாலும், அது நான் படிச்சு எடுத்தது எண்டு அன்ரிக்குத் தெரியும்."