மூன்று எண்ணுவதற்குள்

துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். எல்லாம் சரியாக இருந்த நாளில் ஜெபஷீலா கடைசியாகச் செய்த காரியம் அதுதான்.

ஐப்பசி மாதத்து மாலை அது. போடியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஏலக்காய் குடோனில், மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அவள் கணவன் ஸ்டீவன் நான்கு வருடமாகப் பழுது பார்த்துவந்த இங்கிலீஷ் கார் நின்றது. இரண்டே சீட்டு, கேன்வாஸ் கூரை, கரும்பச்சை நிறம். மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவின் பின்புறத்தில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். அன்றைக்கு எக்ஸாஸ்ட் வேலை முடிந்திருந்தது. இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை புகைக்குழாய் முழுவதும் புதிது. நடுவிலிருந்த எவர்சில்வர் சைலன்ஸரைக் கோயம்புத்தூரில் செய்யக் கொடுத்து, அவள்தான் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். "பிள்ளைக்கு அரை டிக்கெட் போடவாக்கா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. தொங்கவிடுவதற்காக முனைக்கு ஒன்றாகப் பற்றவைத்திருந்த இரண்டு காதுகளும் வழியெல்லாம் அவள் தொடையில் அழுத்திக்கொண்டே வந்தன.

"ஷீலா, ஈரத்துணி ஒண்ணு கொண்டா. குழாய் வாய அடைக்கணும்."

"அடைச்சா என்னாகும்?"

"மூச்சு முட்டி இன்ஜின் நின்னுரும். நின்னுச்சுன்னா எங்கனயும் ஓட்டை இல்ல. நிக்கலேன்னா புகை வேற வழியா போகுதுன்னு அர்த்தம்."

ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அய்யாத்துரை, "நல்லா அழுத்திப் புடி தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரர் வாய அடைக்கிற மாதிரி நெனச்சுக்க" என்றார். அவர் ஸ்டீவனோடு ஒன்றாகப் படித்தவர், அனுமந்தன்பட்டிக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். காரில் பற்றவைப்பு எல்லாம் அவர் கைவேலை. குடோனின் இரண்டாவது சாவியும் அவரிடம்தான் இருந்தது.

ஸ்டீவனின் பழைய நீலக் கட்டம்போட்ட கைலியிலிருந்து கிழித்த துண்டு அது. ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. நனைத்துச் சுருட்டிக் குழாய் வாயில் வைத்து அழுத்தினாள். உள்ளிருந்து இளஞ்சூடாக ஏதோ அவள் உள்ளங்கையைத் தள்ளியது. ஸ்டீவன் டிரைவர் சீட்டிலிருந்தபடி உரக்க எண்ணினான். "ஒண்ணு... ரெண்டு... மூணு." இன்ஜின் விக்கி நின்றது.

"செத்துச்சு!" என்று கைதட்டினான்.

"ஜெபத்துக்கு நேரமாச்சு, இப்பப் போயி என்ன பேச்சு இது" என்று சொல்லிவிட்டு, துணியை உருவி, பிழிந்து, கதவோரத்து ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னே, தூறலில், ஸ்டீவன் போடிமெட்டு மலைப்பாதையில் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனான். பதினோராவது வளைவில் மூடுபனிக்காக ஓரம் கட்டியிருக்கிறான். கூரை போட்டபடி, கண்ணாடி ஏற்றியபடி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தூங்குகிறவனைப் போல இருந்தான் என்று தோட்ட வேலைக்குப் போன ஜீப்பில் வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் முதலில் கூப்பிட்டது அய்யாத்துரையைத்தான்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் அவர் மெல்லச் சொன்னார். "தங்கச்சி, வெளிய விட்றாத. வண்டிக்குப் பின்னால மொதல்ல போயிப் பாத்தது நான்தான். குழாய் வாயில துணி இருந்துச்சு. நீ அடைச்ச துணி. எடுக்க மறந்துட்ட போல. புகையெல்லாம் திரும்பி உள்ள போயிருக்கு. நான் உருவிட்டேன். போலீஸ்ல சைலன்ஸர் லீக்குன்னு சொல்லிட்டேன். ஒன்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாக."

"நான் பிழிஞ்சு ஆணியில மாட்டினேண்ணே."

"அப்படித்தான் தோணும் ஆத்தா."

அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். நன்றிக்காகவும் அழுதாள்.

அதன்பிறகு ஒன்பது மாதம். கொடியில் துணி காயப்போட்டால் பாதிவழியில் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள், உண்மையிலேயே போட்டோமா என்று. கோயிலில் முழங்காலிட்டால் அவளுக்கு ஒரே ஜெபம்தான் இருந்தது, அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவள் புருஷனைக் கொன்றவள் அவள் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மற்றவரான அய்யாத்துரை அதை யாரிடமும் சொல்லாமல் காத்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குத்தான் முதல் கேக் போனது. அவர் மனைவி பஞ்சம்மாளுக்கு ஒரு சேலையும்.

குடோனை அவள் திறக்கவே இல்லை. காரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியதும், அடியிலிருந்த குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனதும் அய்யாத்துரைதான். ஆடி மாதம் ஒருவர் காரை விலைக்குக் கேட்டார். எக்ஸாஸ்டை மாட்டி ஓட்டிக் காட்டவேண்டும். ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அய்யாத்துரை சைலன்ஸரோடு வந்தார். பட்டறையில் ஆள் இல்லை, சும்மா கூட நின்று சாமான் எடுத்துக் கொடு போதும் என்றார்.

பள்ளத்தாக்கு முழுவதும் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதத்தில் போர்வையைக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். குடோனின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து கல் வைத்தார்கள். மண்ணும் சருகும் உள்ளே ஓடி வந்தன. ஏலக்காய் வாசனைக்கு அடியில், அணைந்துபோன அடுப்பைப் போல, பழைய புகை வாசனை ஒன்று கிடந்தது. அய்யாத்துரை காரை ஜாக்கியில் தூக்கி, சாக்கை விரித்து, மல்லாந்து அடியில் போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்.

காற்று ஓய்ந்த இடைவெளியில் மறுபடியும். கதவோரத்துத் தரையில், ஒன்பது மாதத் தூசிக்கு நடுவே, ரூபாய்க் காசளவு ஈரம். அதற்கு நேர் மேலே ஆணி. ஆணியில் நீலக் கட்டம்போட்ட துணி. அவள் கிட்டப் போனாள். முறுக்கிப் பிழிந்த மடிப்பு அப்படியே இருந்தது, அவள் கை முறுக்குகிற அதே இடது பக்க முறுக்கு. மூலையில் முக்கோணத் தழும்பு. தொட்டாள். இப்போதுதான் பிழிந்ததுபோல் சில்லென்று இருந்தது.

"அண்ணே."

"ம்?"

"அந்தத் துணிய... அன்னைக்கி உருவினீகளே, என்ன செஞ்சீக?"

ஸ்பேனர் நின்றது. "இப்ப என்னத்துக்கு அது? அன்னைக்கே பட்டறையில டிரம்முல போட்டு எரிச்சுட்டேன். நூலு கூட மிச்சமில்ல. நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத."

அவர் குரலில் பரிவு இருந்தது. ஒன்பது மாதமாக அவள் சாய்ந்து நின்ற பரிவு.

துணி வேறாக இருக்கலாம். கூரை ஒழுகியிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தாள். தகரத்தில் ஓட்டை இல்லை.

"அந்த சைலன்ஸரத் தள்ளு."

குனிந்து எடுத்தாள். அதே கனம். போர்வையில் சுற்றிய பிள்ளையின் கனம். ஆனால் கையில் ஏதோ குத்தியது. நடுவில் ஒரு காது. மூன்றாவது காது. கறுத்த வெல்டிங், அதன் இடுக்கில் காய்ந்துபோன செம்மண். பதினொரு வளைவு மட்டுமே போன சைலன்ஸர் இது என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாள்.

நாலரை மணிக்கு வேலை முடிந்தது. அய்யாத்துரை சீட்டுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி இருமி, பிடித்து, ஓடியது. அவர் மறுபடியும் அடியில் புகுந்து, காதைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"ஈரத்துணி எதாச்சும் எடுத்து அடை தங்கச்சி. லீக்கு இருந்தா இங்கன கேக்கும்."

அவள் ஆணியிலிருந்து துணியை எடுத்தாள். நனைக்க வேண்டியிருக்கவில்லை. சுருட்டி, குழாய் வாய்க்குள் செருகி, இரண்டு கைகளாலும் அழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

இன்ஜின் விக்கி நின்றது.

"பாத்தியா!" அடியிலிருந்து அவர் சிரித்தார். "துணி உள்ள போனா மூணு எண்ணுறதுக்குள்ள செத்துரும். அம்புட்டு டைட்டு. சாவிய எடுத்துரு, பேட்டரி எறங்கிரும்."

அவள் எழுந்தாள். துணி குழாயிலேயே இருந்தது. பக்கவாட்டில் நடந்து, கதவைத் திறந்து, சாவியை உருவினாள். டிரைவர் சீட்டின் தோல் அவள் முழங்கையில் பட்டது. சூடாக இருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்த சூடு. அய்யாத்துரை அதில் உட்காரவே இல்லை.

அவர் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவளுக்குள் போய்ச் சேர்ந்தது.

துணி உள்ளே போனால் இன்ஜின் செத்துவிடும். குழாயில் துணி இருந்திருந்தால் வண்டி வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. பதினொரு வளைவு ஏறியிருக்காது. ஸ்டீவனை வெளியே எடுக்கும்போதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் வந்து நின்றாள். சாவி உள்ளங்கையில் இருந்தது.

"அண்ணே, சைலன்ஸர்ல எதுக்கு மூணு காது?"

சாக்கின் மேல் ஆடிக்கொண்டிருந்த பாதங்கள் நின்றன.

"நான் மடியில வச்சுக் கொண்டாந்தது. ரெண்டுதான்."

அடியிலிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"எஃப்.சி.க்குத்தாம்மா. என் ஜீப்புக்கு மறுநா காலையில தேனி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. செக்கிங்கு. அதுல இருந்த சைலன்ஸர் ஓட்டை. ராத்திரி வந்து இதக் கழட்டி, ஜீப்புக்குத் தோதா ஒரு காது வச்சு அதுல மாட்டிட்டு, அந்த ஓட்டைய இதுல பேஸ்ட்டு தடவி வச்சேன். எல்லாரும் செய்யுறதுதான். ஒரு நாளைக்கி மட்டும். மத்தியானம் வந்து மாத்திப்புடலாம்னு இருந்தேன். அவன் விடியுமுன்னே எடுப்பான்னு நான் கண்டேனா? சீட்டுக்கடியில பலகையும் இன்னும் போடல, புகை நேரா உள்ள ஏறிருச்சு..."

"துணி?"

ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"துணி இருந்துச்சுன்னு எதுக்குண்ணே சொன்னீக?"

"நீ போலீஸ்கிட்ட புது சைலன்ஸர்னு சொல்லிருவியோன்னு பயந்தேன் ஆத்தா. ஒன் மேலயே தப்புன்னா நீ வாயத் தொறக்க மாட்டியேன்னு..."

காற்று நின்றது.

ஒரு கதவைச் சாத்தியதுபோல, பள்ளத்தாக்கு முழுவதும். சருகு ஓடவில்லை. தகரம் ஆடவில்லை.

சொட் என்று சத்தம். குழாயிலிருந்து.

அப்போது கார் ஸ்டார்ட் ஆயிற்று.

சாவி அவள் கையில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தாள், அதன் பல் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு. இன்ஜின் ஓடியது. குழாய் வாயில் துணி இருந்தது. முக்கோணத் தழும்பு நாலு விரல் அளவு வெளியே தொங்கியது. புகை போக வழி இல்லை. நிற்கவேண்டும்.

"ஒண்ணு" என்றது ஒரு குரல், காருக்குள்ளேயிருந்து.

அடியில் அய்யாத்துரை அலறினார். "தங்கச்சி! சாவிய எடு! சாவிய..."

"ரெண்டு."

கேன்வாஸ் கூரையின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி. உள்ளிருந்து வெள்ளையாகப் பனித்துக்கொண்டே வந்தது. மூச்சுப் படிவதுபோல.

"மூணு."

நிற்கவில்லை.

மூன்றாவது காதுக்குக் கீழேயிருந்து புகை இறங்கியது. வெள்ளையாக. கனமாக. தண்ணீர்போலத் தரையில் பரவாமல், ஒரே இடத்தில் கூடியது. அவர் முகம் இருந்த இடத்தில்.

"நாலு."

துணியை இழுத்தால் போதும். அவளுக்குத் தெரியும். ஒரே இழுப்பு.

குனிந்தாள். கை நீட்டினாள். தழும்பைத் தொட்டாள்.

"அஞ்சு."

குதிகால்கள் சாக்கை உதைத்தன. தூசி எழுந்தது. "எடு... தங்க..."

உள்ளே ஒரு கை பனியைத் துடைத்தது. கண்ணாடியில் அகன்ற ஒரு கோடு. அதற்குள் ஒரு முகம், தூங்குகிறவனைப் போல, கண்கள் மூடியிருக்க. உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஆறு."

அவள் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

"ஏழு."

இழுக்கவில்லை.

குதிகால்கள் நின்றபோது எண்ணுவதும் நின்றது. இன்ஜின் விக்கி ஓய்ந்தது. கண்ணாடி தெளிந்தது. உள்ளே இரண்டு சீட்டுகள் மட்டும் இருந்தன.

பிறகு காற்று திரும்பி வந்தது.

போலீஸ்காரர் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அகலத் திறந்து கிடந்த இரண்டு கதவுகளையும் பார்த்தார். "இந்தக் காத்துல எப்படிம்மா?"

"சைலன்ஸர் லீக்குங்க" என்றாள் ஜெபஷீலா.

பஞ்சம்மாள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் நீதான் கூட இருந்தியாம்ல ஆத்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தக் கைகளை விடுவித்துக்கொள்ள ஜெபஷீலாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆட்கள் வருவதற்கு முன்பே அவள் துணியை உருவி, பிழிந்து, ஆணியில் மாட்டியிருந்தாள். இந்த முறை அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆடி போய், ஆவணியும் போய்விட்டது. காரை வாங்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. குடோன் கதவு திறந்தேதான் கிடக்கிறது. நாளெல்லாம் காற்று உள்ளே வந்து போகிறது. காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் அவள் போய்த் தொட்டுப் பார்க்கிறாள்.

துணி இன்னும் காயவில்லை.