இரண்டாவது வழி

"தம்பிக்கு மூக்குல தையல் பிரிச்சாச்சா அண்ணி?" என்று நாத்தனார் ஃபோனில் கேட்டபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பிரிச்சாச்சு" என்று பதிலும் சொல்லி, இன்னும் இரண்டு சட்டைகளை மடித்த பிறகுதான் கை நின்றது.

ஒரு கடையின் கண்ணாடிக் கதவு திறந்திருப்பதாக நினைத்து நேராக நடந்துபோய் மூக்கை உடைத்துக்கொண்ட கதையைத் தம்பி அவளிடம் மட்டுமே சொல்லியிருந்தான். "வெளிய விட்ட, அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்" என்று மிரட்டல் வேறு. அவள் கணவனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நாத்தனார் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு தம்பி வீட்டுக்கும் நாத்தனார் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டது எல்லாம் அவள் வழியாகத்தான் போகும், வரும். அலுப்பான வேலை, ஆனால் அதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. சமாதானம் பேசத் தோதான நேரம் வந்தபோதுகூட அவள் கொஞ்சம் மெத்தனமாக இருந்துவிட்டதுண்டு.

அவள் பிழைப்பே இந்தக் கணக்குதான். இணையத்தில் போலி ஆட்களைத் தேடிப் பிடிக்கும் அலுவலகம். ஒவ்வோர் ஆளும் திரையில் ஒரு புள்ளி. பேசிக்கொள்கிறவர்களுக்கு நடுவே ஒரு கோடு. இரண்டு கூட்டங்களை ஒரே ஒரு புள்ளி சேர்த்துவைத்தால் அது பாலம். பாலத்தின் மேல் ஏறாமல் ஒரு செய்தி அக்கரை போய்விட்டால் எங்கோ இரண்டாவது வழி இருக்கிறது. அந்த வழியில் யாரோ நிற்கிறார்கள்.

ஓட்டை எங்கே என்று பார்க்க மூன்று பேரிடம் மூன்று பொய் சொன்னாள். நீச்சல் கற்கப் போவதாகத் தம்பியிடம். பூனை வளர்க்கப் போவதாக நாத்தனாரிடம். ஆபீஸ் படியில் கால் பிசகிவிட்டதாகக் கணவனிடம். எந்தப் பொய் எந்த வீட்டில் முளைக்கிறதோ, அங்கே பிடித்துவிடலாம்.

மறுநாள் காலை தம்பி, பூனைக்கு என்ன பேர் வைக்கப் போகிறாய் என்று கேட்டான். மதியம் நாத்தனார் ஃபோனில் சிரித்தாள்.

"கால் சுளுக்கோட நீச்சல் கிளாஸா அண்ணி? பூனையே தேவலாம்போல."

"உனக்கு யாரு சொன்னா?"

"என்ன அண்ணி விளையாடறீங்க? நீங்கதான். உங்க இன்னொரு நம்பர்லேருந்து."

அவளுக்கு இன்னொரு நம்பர் கிடையாது.

சாயங்காலம் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. நனைந்த குடைகளின் ரப்பர் வாடையும், ஏசியின் முனகலும், எங்கோ மூடாமல் விட்ட கதவு காற்றில் இழுத்து இழுத்து முட்டும் ஓசையும் சேர்ந்து அந்த நீண்ட அறையை வழக்கத்தைவிடப் பெரிதாக்கின. அவள் தன் குடும்பத்தைத் திரையில் புள்ளிகளாக வரைந்தாள். யாரென்று தெரியாத அந்த நம்பருக்கும் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து மற்ற எல்லோருக்கும் கோடு இழுத்தாள். வட்டக் கண்ணாடி போட்டதால் எல்லோரும் ஆந்தை என்று கூப்பிடும் பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"வீட்டையே வேவு பாக்கறீங்களா மேடம்? சாருக்குத் தெரிஞ்சா ராத்திரி சோறு கிடைக்காது."

ஒரு புள்ளி எவ்வளவு முக்கியம் என்று தெரிய, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். வலை அறுந்தால் முக்கியம்.

"உங்களைத் தூக்கிட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டபடியே ஆந்தை பட்டனைத் தட்டினான். அவள் புள்ளி மறைந்தது. வலை அசையவில்லை. எல்லோரும் எல்லோரோடும் இணைந்தே இருந்தார்கள்.

"ஒண்ணுமே ஆகல மேடம்" என்றவன், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

அந்த இன்னொரு நம்பரிலிருந்து தனக்கு வந்த ஒரு குரல் பதிவை நாத்தனார் அனுப்பியிருந்தாள். கேட்டால், அவளுடைய சொந்தக் குரல்தான். வாக்கியத்துக்கு நடுவே "ம்ம்" போடும் அவள் வழக்கம்தான். ஆனால் அவள் இதுவரை கேட்காத கேள்விகள்: தூக்கம் வருகிறதா, மனசு சரியில்லையா, அன்று சொன்ன சொல்லை இன்னும் நினைத்து வருந்துகிறாயா. குரலுக்குப் பின்னால் ஓர் ஓசை. திரும்பக் கேட்டாள். தன் வீட்டுச் சமையலறைக் குழாயின் சொட்டு. பதிவான நேரத்தில் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள்.

"டேய், அது நான் இல்லடா."

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்தே. நீ எங்க இவ்ளோ பொறுமையா கேப்ப?"

"தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்த?"

"எல்லாருக்கும்தான் தெரியும். யாரும் சொல்லலயே. நான் மட்டும் சொல்லப் போயி, அது பேசறத நிறுத்திடுச்சுன்னா?" தயங்கினான். "மாமாதான் எனக்கு அந்த நம்பரக் குடுத்தாரு."

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே பாடமாக நடத்தியிருக்கிறாள். எல்லோரும் மௌனமாக இருக்கும் இடத்தில் தனியாக வாய் திறக்கிறவனுக்குத்தான் நஷ்டம்; அதனால் யாரும் திறப்பதில்லை; பொய் யாரும் தாங்கிப் பிடிக்காமலே நிற்கும். பலகையில் எழுதிக் காட்டியபோது எளிதாக இருந்தது.

நனைந்துகொண்டே வீடு வந்தாள். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. வாசலில் தம்பியின் ஷூ. அதை ஒட்டி நாத்தனாரின் செருப்பு. உள்ளே சிரிப்புச் சத்தம்.

சாவி திரும்பியது. சிரிப்பு நின்றது.

ஒரே சோபாவில் கணவன், தம்பி, நாத்தனார் மூவரும். பகையாகப் பார்க்கவில்லை. சொல்லாமல் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"நீங்க…" என்றாள் நாத்தனார். அண்ணி என்ற சொல் வரவில்லை. "ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்திருக்கலாம்."

"என்னங்க இது?" அவள் கணவனைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு" என்றான் அவன். "இப்பத்தான் கண்ணசந்தா."

"யாரு?"

நாத்தனார் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. கீழிடுக்கில் வெளிச்சம். கட்டில் முனகியது. ஒரு கொட்டாவி. முடிவில் அவளுடைய அதே சின்ன இழுவை. தரையில் பாதங்கள்.

மூன்று முகங்களும் அந்தக் கதவின் பக்கம் திரும்பின. இத்தனை வருடத்தில் அவளுக்காக யாரும் அப்படி ஒரு முகத்தோடு காத்திருந்ததில்லை.

தம்பி நகர்ந்து நடுவில் இடம் விட்டான்.

கைப்பிடி தாழ்ந்தது.

"யாருங்க வந்திருக்கா?" தூக்கம் கலந்த குரல். அவள் குரல்.

கணவன் எழுந்து வந்தான். அவள் பக்கமாக நடந்து, அவளைத் தாண்டி, வாசற்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

"யாரும் இல்லம்மா" என்றான்.