டப்பாவில் வைக்காத விசில்

மூடி மூட மறுத்தது.

அதே உள்ளங்கை அளவுத் தகர டப்பா. மெழுகு தடவிய தீக்குச்சி, சின்னக் கத்தி, தூண்டில் முள், தூண்டில் நரம்பு, தண்ணீரைச் சுத்தமாக்கும் மாத்திரை, துண்டுக் கண்ணாடி. நான்கு நாளைக்கு முன் தம்பிக்குக் கட்டிக் கொடுத்தபோது அழகாக மூடிக்கொண்ட ரகம்தான். காட்டில் தொலைந்துபோன அவனிடம் என்னென்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம், அதே மாதிரி இன்னொன்று கட்டிக் காட்டுங்கள் என்றார் ரேஞ்சர். பெரிய மேதை! மலையேற்றச் சாமான் கடை வைத்து இருபது வருஷம் ஆன ஆளை, வன அலுவலக மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார வைத்துவிட்டார்.

"விசில் இருக்கா சார்?" என்றார் ரேஞ்சர்.

தம்பி மனைவி கடைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன? விசில் இல்லாம எவனாவது கட்டிக் குடுப்பானா?" பையிலிருந்து ஒன்றை எடுத்து டப்பாவுக்குள் திணித்தார். அதனால்தான் மூடி மூடவில்லை.

அன்றைக்கு அதை வைக்கவில்லை. தம்பியின் கண்ணெதிரே வெளியே எடுத்து, "உனக்கெதுக்குடா விசில்? அணிலப் பாத்தாலே ஊதி ஊரக் கூட்டிடுவே" என்று சிரித்தார். மக்குப் பயலும் தலையைச் சொறிந்துகொண்டு கூடவே சிரித்தான். மூட்டைப் பூச்சியைக் கொல்லத் தெரியாதவனுக்குத் தனியாகக் காட்டுக்குப் போகும் ஆசை!

"விசில் இருக்குன்னா நல்லதுதான். காதத் தீட்டிக்கிட்டுப் போவோம்" என்றார் ரேஞ்சர். தொப்பையும் தொந்தியுமாக எட்டுப் பேர் கிளம்பினார்கள். தம்பி மனைவியும் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தானும் ஒரு வயர்லெஸ் வாங்கிக்கொண்டு கூடவே போனாள். அலுவலக வயர்லெஸ் பக்கத்தில் கடைக்காரர் மட்டும் மிச்சம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஈரக் காகிதமும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை அறை முழுக்கத் தேங்கி நிற்க, மேசையில் ஆறிப்போன டீயின் மேல் ஆடை படிந்து சுருங்க, ஜன்னலுக்கு வெளியே மரங்களின் நிழல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல வாசற்படி வரை நகர்ந்து வந்தது. இந்தச் சோம்பேறிகள் எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று முணுமுணுத்தார்.

வயர்லெஸ் கரகரத்தது. "சார்! விசில் கேக்குது! பள்ளத்துப் பக்கம், மூணு மூணா ஊதறார்!"

கடைக்காரர் டப்பாவைப் பார்த்தார். விசில் மூடிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

பறவையாக இருக்கும். ஆடு மேய்க்கிறவனாக இருக்கும். தம்பியிடம் இல்லை என்று இப்போது சொன்னால் காறித் துப்புவார்கள். அவளும்தான். வயர்லெஸ் பொத்தான் மேல் வைத்த விரலை எடுத்துக்கொண்டார்.

"நாங்க ரெண்டு ஊதினா அவரும் ரெண்டு ஊதறார் சார். அஞ்சு ஊதினா அஞ்சு." ரேஞ்சரின் குரலில் இப்போது உற்சாகம் குறைந்திருந்தது. "ஆனா நாங்க போகப் போகத் தள்ளித் தள்ளிப் போறாரே, ஏன்?"

உயிருக்குத் தவிக்கிறவன் விளையாடுவானா? மானமாவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று பொத்தானைத் தொட்டார்.

வாசலில் ஏதோ உராய்ந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். சட்டை கிழிந்து, காலெல்லாம் ரத்தம் காய்ந்து, ஆனால் உயிரோடு.

"டேய்!" ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். ஆயுசில் முதல் தடவை. "நீ எப்படிடா...?"

"விசில் கேட்டுச்சுண்ணா. மொத நாளே. தேடி வந்துட்டீங்கன்னு கிட்டப் போனேன்." தம்பியின் பற்கள் தந்தியடித்தன. "ஊதுறதுக்கு அதுக்கு வாயே இல்லண்ணா. அப்புறம் சத்தம் எந்தப் பக்கம் வந்தாலும் எதிர்ப்பக்கமா ஓடினேன்."

மக்குப் பயல். மக்குப் பயலுக்கு இருந்த புத்தி!

"அவ எங்கண்ணா?"

வயர்லெஸ் கரகரத்தது.

"மாமா! கெடைச்சிட்டார் மாமா!" தம்பி மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். "எல்லாரும் பின்னாடி வர்றாங்க, நான்தான் மொதல்ல பாத்தேன். இருட்டுல முகம் தெரியல. ஆனா என் கையப் பிடிச்சிக்கிட்டார்."

கடைக்காரர் பொத்தானை அழுத்திக் கத்தினார். "கைய விடும்மா! அது அவன் இல்ல! அவன்கிட்ட விசிலே கிடையாது, நான் வைக்கல! அவன் இங்க இருக்கான்!"

வயர்லெஸில் மூச்சு மட்டும்.

"விட மாட்டேங்கறார் மாமா."

பிறகு விசில். மூன்று முறை. அவள் வாய்க்கு வெகு அருகில்.