ஆறாம் கட்டில்காரரின் நடை

பிசியோதெரபி கடைசி வருஷப் பயிற்சிக்காக அந்தப் பழைய எலும்பு வார்டுக்குள் அவன் நுழைந்தபோது காலை மணி பத்து. உயரமான கூரை, பெயிண்ட் உரிந்த சுவர், பினாயில் வாடை, அதையும் மீறி வியர்வையும் தைலமும் கலந்த நெடி. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு முனகல், அவ்வளவுதான்.

விடுதியில் அவனுக்கு ஷார்ட்கட் என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை. குளிப்பதிலிருந்து பரீட்சை வரைக்கும் பாதி வேலை பார்த்து முழுப் பேர் வாங்குகிற சாமர்த்தியசாலி!

பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் ஆறாம் கட்டிலை அவன் தலையில் கட்டினார். "இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு எழுப்பி, வாக்கரைக் கொடுத்து நடக்க வைக்கணும். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளே காலி. எத்தனை அடி நடந்தார்னு ஃபைல்ல எழுது. இந்தக் கேஸ் ஒழுங்கா முடிஞ்சாத்தான் உனக்குக் கையெழுத்துப் போடுவேன்."

கையெழுத்து இல்லையென்றால் சர்டிபிகேட் இல்லை. நாலு வருஷப் படிப்பும் தண்ணீரில் போகும்.

ஆறாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். லோடு மேலேயிருந்து விழுந்தவர். ஆள் மலை மாதிரி இருந்தார். பார்த்த மாத்திரத்திலேயே ஷார்ட்கட்டுக்குத் தன் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, எழுப்பி விடுப்பா. நடந்து பாக்கறேன்."

"இன்னைக்கு ரெஸ்ட் எடுங்க ஐயா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டு ஃபைலில் எழுதினான்: வாக்கருடன் இருபது அடி. மறுநாளும் அவர் கெஞ்சினார். மறுநாளும் அதே பதில். முப்பது அடி. மூன்றாம் நாள் நாற்பது. அந்த நேரத்தில் ஷார்ட்கட் ஐயா எங்கே என்கிறீர்களா? மருந்துக்கடைப் பக்கம் சுவரில் சாய்ந்து செல்போன் நோண்டிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் டிரைவரின் மனைவி வந்தபோது, ஃபைலைப் பார்த்த நர்ஸ், ஐம்பது அடி நடந்துவிட்டார் என்று அவளிடம் நல்ல சேதி சொன்னாள். டிரைவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"நடக்கவே இல்லைடி! யாரும் என்னைத் தொடக்கூட இல்லை."

"ஃபைல்லேயே எழுதி வெச்சிருக்கு, இல்லைங்கிறீங்களே! சோம்பேறித்தனத்துக்குச் சின்னப் பையன் மேல பழி போடறதா? வயசானவர் பேசற பேச்சா இது? சீச்சீ!" என்று மனைவி பொரிந்தாள்.

இரண்டு கட்டில் தள்ளி நின்ற ஷார்ட்கட், அங்கிருந்தவர் காலை நீவிவிடுவதுபோல் குனிந்துகொண்டான். டிரைவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் அறுபது அடியைக் கண்ட பெரிய டாக்டர் குளிர்ந்துபோனார். "இவ்வளவு நடக்கிறவருக்கு இது எதுக்கு?" என்று ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் ஊசியை நிறுத்தச் சொன்னார். ஆறாம் நாள் ஷார்ட்கட் எழுதியது எழுபது.

ஏழாம் நாள் காலையில் டிரைவர் மூச்சுக்குத் தவித்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடியே போய்ச்சேர்ந்தார்.

மனைவி தான் வாங்கிக் கொடுத்த வாக்கரை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. அவர் நடந்தாரில்ல? அன்னைக்கு நான் திட்டினதுக்கப்புறம் அவர் என்கூடப் பேசவே இல்லைப்பா."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி போதும். ஆனால் பத்தடி தள்ளி மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"நடந்தாரும்மா. நல்லாவே நடந்தார்," என்றான், வாய் கூசாமல்.

மறுநாள் மாலை மணி நாலு. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது.

டக். சர்ர்.

டக். சர்ர்.

ரப்பர் முனை தரையில் ஊன்றும் சத்தம், பின்னாலேயே காலை இழுக்கும் சத்தம். நிமிர்ந்து பார்த்தான். ஆறாம் கட்டில் காலி. வார்டில் யாரும் நடக்கவில்லை. வேறு யார் காதிலும் அது விழுந்ததாகவும் தெரியவில்லை. தன்னையறியாமல் எண்ணினான். இருபதாவது அடியில், வார்டு வாசலில், சத்தம் நின்றது.

அடுத்த நாள் நாலு மணிக்கு வாசலில் தொடங்கி முப்பது. மருந்துக்கடை ஜன்னலில் நின்றது.

அதற்கடுத்த நாள் நாற்பது. வண்டிகள் ஏறும் சரிவுப்பாதையின் தலைப்பில் நின்றது.

ஷார்ட்கட்டுக்குப் புரிந்துவிட்டது. எழுதியதையெல்லாம் அவர் நடந்து தீர்க்கிறார்!

மத்தியான வெயிலில், அடிபட்டவர்போல அரையடி அரையடியாகக் காலெடுத்து வைத்து மிச்சத்தை அளந்து பார்த்தான். ஐம்பதில் முற்றம். அறுபதில் விடுதித் தாழ்வாரம். எழுபது தரைத்தளத்தின் கடைசி அறைக்குள், அவன் கட்டிலோரம் முடிந்தது.

நாலாம் நாள் சத்தம் முற்றத்துக்கு வந்தது. ஐந்தாம் நாள் தாழ்வாரத்துக்கும் வந்தது. அன்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தான். தைல நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது.

டக். சர்ர்.

நின்றது.

கதவுக்கு அப்பால் யாரோ களைத்துப்போய் மூச்சு வாங்கினார்கள்.

இனி எழுபதுதான் பாக்கி. மேடத்திடம் ஓடிப்போய் உண்மையைக் கொட்டியிருக்கலாம். டிரைவர் மனைவியின் காலில் விழுந்திருக்கலாம். நம்மாள் செய்தது என்ன தெரியுமா? மறுநாள் காலை பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குப் போனான். அடிகளை எழுதிய தாளைக் கிழித்தான். புதுத் தாளில் அதே தேதிகளைப் போட்டு எழுதினான்: 'நோயாளி நடக்க மறுத்துவிட்டார். தானாக நிற்க இயலாது. மாணவர் முழுக்கத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலை.' கீழே தன் கையெழுத்து.

நடக்காதவர் எப்படி அறைக்கு வருவார்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான், பாவி.

அன்று நாலு மணிக்கு வாக்கர் சத்தம் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அப்பாடா என்று கட்டிலைவிட்டு எழப்போனான்.

எழ முடியவில்லை.

கழுத்தைச் சுற்றி ஒரு கை விழுந்தது.

கனத்த, ஜில்லென்ற கை. அடுத்து இடது தோளில் ஒரு முழு ஆளின் பாரம். முட்டி மடங்கிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் யாருமே இல்லை. காதோரம் மட்டும் ஈரமான மூச்சு.

"நான் எப்ப தம்பி மாட்டேன்னு சொன்னேன்?"

அலறினான். பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து, கனவு கண்டிருப்பான் என்று தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாரம் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து இறப்புச் சான்றிதழ் வாங்க அந்த அம்மாள் வந்தாள். சரிவுப்பாதையில் அவனைக் கண்டதும் நின்றாள்.

"என்ன தம்பி, ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறே? உடம்பு சரியில்லையா?"

காதோரம் மூச்சு அசைந்தது. "நான் பொய் சொல்லலைன்னு அவகிட்ட சொல்லிடு. இறங்கிக்கிறேன்."

அவ்வளவுதான் கேட்டார். ஒரே ஒரு வாக்கியம்.

ஷார்ட்கட் வாயைத் திறந்தான். நாளைக்குத்தான் மேடம் கையெழுத்துப் போடப்போகிறார் என்பது நினைவுக்கு வந்தது.

"சுளுக்கும்மா," என்றான். "நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அவர் நல்லாவே நடந்தார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கழுத்தில் கிடந்த கை, இடம் பார்த்துச் சௌகரியமாக அணைத்துக்கொண்டது.

அவன் பாஸ் செய்துவிட்டான். இப்போது வேறொரு ஊரில், கண்ணாடிக் கதவு போட்ட புது கிளினிக்கில் வேலை. ஸ்கேன் எடுத்தாயிற்று, முதுகில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனாலும் மாதத்துக்கு மாதம் குனிந்துகொண்டே வருகிறான்.

தினமும் காலையில் அங்கே தரை துடைக்கிற பெண்மணி மட்டும் அவனைக் கண்டால் கத்துகிறாள்.

"இப்பத்தானே சார் துடைச்சேன்! தனியாத்தானே வர்றீங்க? உங்க பின்னாலேயே ரெண்டு காலை இழுத்துட்டு வந்த மாதிரி ஈரத்துல கோடு விழுதே, அது யார் சார்?"